மற்றவை

போன மாதம் ஒரு பிற்பகலில், அலுவலகத்தில் என்னுடன் பணிபுரியும் இளம்பெண் ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நாங்கள் புதிதாகக் கட்டவிருக்கும் இணையதளம் எந்தெந்த உலாவிகளில் சரியாக இயங்க வேண்டும் என்பதை அன்று முடிவு செய்தாக வேண்டும். வாடிக்கையாளரின் பழைய தளத்துக்குக் கடந்த ஆறு மாதங்களில் எந்த உலாவி வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. குரோம், சஃபாரி, எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சாம்சங் இன்டர்நெட் என்று வரிசையாகப் பெயர்கள், எதிரே விழுக்காடுகள். கடைசி வரியில் ‘மற்றவை’ என்று போட்டு மிகச் சிறிய ஓர் எண். அந்த வரியின் குறுக்கே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று கிழிக்கப்பட்டிருந்தது.

“இதை விட்டுடலாம் இல்லையா சார்?” என்றார்.

விட்டுவிடலாம்தான். காசும் காலமும் கணக்குப் பார்த்துச் செலவிடப்படும் எந்த வேலையிலும் ஏதாவது ஓர் இடத்தில் கோடு கிழிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல் என்னைத் தடுத்தது. ‘மற்றவை’ என்பது அஃறிணைப் பன்மை. உலாவிகளைச் சொல்வதாகக் கொண்டால் இலக்கணப்படி சரியே. ஆனால் எதிரே இருந்த எண் உலாவிகளின் எண்ணிக்கை இல்லை; ஆட்களின் எண்ணிக்கை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே போன்ற ஒரு வரியை நானும் கோடு கிழித்து நீக்கியிருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

*

இலக்கிய வாசகர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றக்கூடும். உலாவி என்பது ஒரு சன்னல். எந்தச் சன்னல் வழியாகப் பார்த்தாலும் தெரிவது அதே தெருதானே? அப்படி இல்லை. அச்சுப் புத்தகத்தில் பக்கத்தின் அளவு, எழுத்தின் பருமன், வரிகளுக்கு இடையிலான வெளி எல்லாம் அச்சகத்திலேயே முடிவாகிவிடும். வாசகர் கையில் சேர்வது முடிந்த பொருள். இணையத்தில் நாம் அனுப்புவது கையெழுத்துப் பிரதியும் ஒரு குறிப்புச் சீட்டும் மட்டுமே. ‘தலைப்பைப் பெரிதாகப் போடு, இதை வலப்பக்கம் வை, இங்கே இந்த எழுத்துருவைப் பயன்படுத்து’ என்று சீட்டில் எழுதி அனுப்புகிறோம். அச்சுக்கோப்பவர் வாசகரின் வீட்டில் இருக்கிறார். அவர் பெயர்தான் உலாவி. அவருக்கு எவ்வளவு தெரியுமோ, அவரிடம் என்னென்ன எழுத்துகள் கைவசம் இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் பக்கம் அமையும். ஒரு தளத்தைக் கட்டுகிறவர் தன் வாழ்நாளில் பார்க்கவே போகாத ஆயிரக்கணக்கான அச்சுக்கோப்பவர்களை நம்பித் தொழில் செய்கிறார்.

தமிழில் இந்தச் சிக்கல் இருமடங்கு. எழுத்தே தெரியுமா என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டாலும், அது நம் கணினித் திரைக்கு வந்துசேரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு நாளிதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு, ஒவ்வொரு குறியேற்றம். டாம், டாப், திஸ்கி என்று தரப்படுத்தும் முயற்சிகள் நடந்தன. ஒரு பத்திரிகையைப் படிக்க இறக்கிய எழுத்துரு அடுத்த பத்திரிகைக்கு உதவாது. எழுத்துரு இல்லாவிட்டால் கதையின் முதல் வரி மேலைநாட்டு உச்சரிப்புக் குறிகளின் குப்பையாகத் தெரியும்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தன் 4-ஆம் பதிப்பு முதல், பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் தானாக இறங்கும் வசதியைத் தந்தது. மைக்ரோசாஃப்ட் இலவசமாக அளித்த ஒரு கருவியைக் கொண்டு எழுத்துருவை அதற்கேற்ற கோப்பாக மாற்றி வழங்கியில் வைத்துவிட்டால் போதும். வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. நெட்ஸ்கேப் 4-க்கு வேறு வகைக் கோப்பு வேண்டும். இயங்கு எழுத்துரு என்று அதற்குப் பெயர். 2002-இல் நானும் மூன்று நண்பர்களும் ஓர் இணைய இதழைத் தொடங்கியபோது அந்த வழியைத்தான் கைக்கொண்டோம். நின்றுபோன சிற்றிதழ்களிலிருந்து சிறுகதைகளையும் கட்டுரைகளையும், உரியவர்களிடம் அனுமதி பெற்று, தட்டச்சு செய்து ஏற்றுவது எங்கள் வேலை. குறியேற்றம் திஸ்கி. தொழில்நுட்பப் பொறுப்பு என்னுடையது.

*

2005-இல் யூனிகோடுக்கு மாறுவது என்று தீர்மானித்தோம். காரணங்கள் வலுவானவை. யூனிகோடில் இருந்தால்தான் தேடுபொறியில் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க முடியும். விண்டோஸ் 2000-இலும் எக்ஸ்பியிலும் தமிழ் எழுத்துரு உடன் வந்தது. (எக்ஸ்பியில் வட்டார அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுவட்டையும் உள்ளே போட வேண்டும். அந்தக் குறுவட்டு யாரிடமும் இருக்காது.) 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு வெளிவந்திருந்தது, இயங்கு எழுத்துரு அதில் வேலை செய்யாது. மேலும், இணையத் தரங்களுக்காகப் போராடியவர்கள் 2001-இலேயே பழைய உலாவிகளைக் கைவிடுங்கள் என்று இயக்கம் நடத்தியிருந்தார்கள். அவர்களுடைய எழுத்தைப் படித்து வளர்ந்தவன் நான். புதிய முறையில், அட்டவணைகள் இல்லாமல், பாணித்தாளை வைத்துப் பக்கத்தை அமைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஆசை என்று சொல்வதுகூட நாகரிகம்தான். செருக்கு என்பதே சரியான சொல்.

நண்பர்களில் ஒருவர் தயங்கினார். “விண்டோஸ் 98-இல் பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார். நான் வழங்கியின் வருகைப் பதிவேட்டை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். விண்டோஸ் 98-உம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-உம் சேர்ந்து வருகிறவர்கள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. “மூன்று பேருக்காகத் தொண்ணூற்றேழு பேரைக் காத்திருக்க வைக்க முடியாது” என்றேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். புதிய தளம் மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதப் பதிவேட்டில் அந்த மூன்று அநேகமாகச் சுழியாகிவிட்டிருந்தது. பார்த்தீர்களா, அவர்களும் மாறிவிட்டார்கள் என்று நண்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அந்த மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு.

ஜூலையில் ஓர் அஞ்சலட்டை வந்தது. இதழின் முகவரியாக என் வீட்டு முகவரியைத்தான் தளத்தில் கொடுத்திருந்தோம். சங்கரன்கோவிலிலிருந்து எழுதப்பட்டிருந்தது. பொடி எழுத்து, ஒவ்வொரு வரியும் ஒரே நீளம்.

“மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் இதழ் நின்றுவிட்டது என்று அறிகிறேன். இரண்டு மாதங்களாகத் திறந்தால் வெறும் கட்டங்கள் மட்டுமே காணப்படுகின்றன. நின்றுபோன சிற்றிதழ்கள் பலவற்றுக்குச் சந்தா கட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. இவ்வளவு காலம் நடத்தியதற்கு நன்றி.”

அவ்வளவுதான். குறை சொல்லவில்லை, விளக்கம் கேட்கவில்லை. இதழ் நடந்துகொண்டிருக்கிறது, ஒருவருக்கு மட்டும் அது இறந்துவிட்டது. அவர் இரங்கற்குறிப்பும் எழுதிவிட்டார்.

*

செப்டம்பரில் இராஜபாளையத்தில் ஒரு திருமணம். அங்கிருந்து சங்கரன்கோவில் அதிகத் தொலைவில்லை. முன்கூட்டியே எழுதிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெரு வழியாக என்னைப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனார். மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிய இடத்தில் நான்கு கணினிகள். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் அவருடையது.

கணினியில் விண்டோஸ் 98. எங்கள் தளத்தைத் திறந்து காட்டினார். நான் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்த பக்கம் அங்கே ஒரு விபத்து போலக் கிடந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 பெட்டிகளின் அகலத்தைத் தவறாகக் கணக்கிடும். அதனால் வலப்பக்கப் பட்டை கட்டுரையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். எழுத்துருவை நிறுவிக் கொடுத்துவிடலாம் என்று நான் கையைக் கொண்டுபோனேன். கடைக்காரர் தடுத்தார்.

“அதுல புதுசா ஒண்ணும் ஏத்த முடியாது சார். ஆஃப் பண்ணிப் போட்டா பழையபடி ஆயிரும். அப்படித்தான் பூட்டி வச்சிருக்கேன். இல்லேன்னா பசங்க கேமை ஏத்தி, வைரஸை ஏத்தி மெஷினைப் படுக்க வச்சிருவானுங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதையும் நிறுவ முடியாத அந்தக் கணினியில் தமிழ் தெரிந்ததற்கு ஒரே காரணம், பக்கத்தோடு தானாக இறங்கிய அந்தப் பழைய எழுத்துரு. காலாவதியானது என்று நான் தூக்கி எறிந்தது, அவர் நுழைய இருந்த ஒரே வாசல்.

அவர் வீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். எங்கள் இதழின் கதைகள், அச்செடுத்த தாள்களாக, பழைய பேரேட்டு அட்டைக்குள் நூல் கோத்துத் தைத்து வைக்கப்பட்டிருந்தன. மூன்று தொகுதிகள். பக்க எண்ணும் உள்ளடக்கமும் அவரே போட்டிருந்தார். அவை அவருக்கு மட்டும் உரியவை அல்ல. நான்கு நண்பர்கள் முறைவைத்து வாங்கிப் படிக்கிறார்கள். அச்செடுக்கும் செலவை ஐவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். என் பதிவேட்டில் அவர் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் ஐந்து வாசகர்கள். சென்னையில் எங்கள் தளத்தை ஒரு நிமிடம் திறந்து மூடிய எத்தனையோ பேரைவிட ஊன்றிப் படித்த வாசகர்கள்.

நான் பதிவேட்டைப் பற்றியும் நூற்றுக்கு மூன்று பற்றியும் வெட்கத்தோடு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கணக்கு எழுதுகிறவர் அல்லவா, அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று யோசித்தார்.

“எங்க கடை வாசப்படி ரொம்ப உசரம் தம்பி. வயசான பொம்பளைங்க ஏற முடியாம எதிர்க்கடைக்குப் போயிருவாங்க. முதலாளி கல்லாவைப் பாத்துட்டு, நம்ம கடைக்கு வயசானவங்க வர்றதில்ல, சின்ன வயசு ஜனங்கதான் வருதுன்னு சொல்லுவாரு. கல்லாவுல அதுதான் தெரியும். வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு பாத்தாத்தான் எத்தன பேர் படியேறாமப் போனாங்கன்னு தெரியும். திரும்பிப் போனவங்களுக்கு எந்தக் கணக்குலயும் பேரேடு கெடையாது.”

எந்த உலாவிகளை ஆதரிப்பது என்ற கேள்வியைப் பற்றி அதன் பிறகு நான் படித்ததும் கேட்டதும் ஏராளம். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை. வருகைப் பதிவேடு உள்ளே வந்தவர்களின் பட்டியல். அதை வைத்து யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்தால், முடிவு எப்போதும் சரியாகவே தோன்றும். வெளியேற்றப்பட்டவர்கள் அடுத்த மாதக் கணக்கில் இருக்க மாட்டார்கள். அவர்கள் இல்லாததே முடிவு சரியென்பதற்குச் சான்றாகிவிடும்.

சென்னைக்குத் திரும்பியதும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒரு சிறிய நிரல் எழுதினேன். யூனிகோடில் இருக்கும் கட்டுரையை வழங்கியிலேயே திஸ்கிக்கு மாற்றி, பழைய இயங்கு எழுத்துருவோடு அனுப்பும். படம் இல்லை, பட்டை இல்லை, வண்ணம் இல்லை. தலைப்பு, ஆசிரியர் பெயர், கதை. அந்தப் பக்கத்துக்கு நாங்கள் பழைய வாசல் என்று பெயர் வைத்தோம்.

*

அடுத்த ஆண்டு, 2006-இல், யாகூ நிறுவனத்தின் பொறியாளர்கள் தாங்கள் பின்பற்றும் முறையை விளக்கி வெளியிட்டார்கள். உலாவிகளை அவர்கள் மூன்று தரங்களாகப் பிரித்திருந்தார்கள். முழு வசதிகளும் சோதித்துத் தரப்படுபவை ஒரு தரம். பழையவை, திறன் குறைந்தவை என்று அறியப்பட்டவை இன்னொரு தரம்; இவற்றுக்கு அலங்காரங்களை விலக்கி உள்ளடக்கம் மட்டும் போய்ச் சேரும். அரிதானவை, அறியப்படாதவை மூன்றாவது தரம். இவற்றைச் சோதிப்பதில்லை, ஆனால் திறனுள்ளவை என்று நம்பி முழுப்பக்கத்தையும் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆதரவு என்பது எல்லோருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டுவது என்று பொருளாகாது என்பதே அதன் சாரம். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சங்கரன்கோவிலுக்குப் போய்வந்த பிறகு நான் தடவித் தடவிச் செய்ததற்கு ஓர் ஒழுங்கும் பெயரும் கிடைத்தன. பந்தியில் எல்லோருக்கும் பாயசம் கிடைக்காமல் போகலாம். சோறு கிடைக்காமல் ஒருவரும் எழுந்துபோகக் கூடாது.

இதைச் சொல்லும்போது எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். பழைய உலாவியைச் சுமப்பது எளிய வேலை இல்லை. 2001 ஆகஸ்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-க்கு அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. அந்த ஐந்தாண்டுத் தேக்கத்தின் சுமையை எங்கள் தலைமுறை இணையக் கட்டுநர்கள் முழுக்கச் சுமந்தார்கள். ஓரமாக ஒதுக்கிய பெட்டியின் விளிம்பை அது இருமடங்காக்கும். ஒளிபுகும் படத்துக்குப் பின்னால் சாம்பல் நிறம் பூசும். பாதி இரவு ஒரு தளத்தைக் கட்டினால் மீதி இரவு அதற்காக அதே தளத்தை வளைப்போம். அதன்மீது எங்களுக்கு இருந்த வெறுப்பு தனிப்பட்ட பகை போன்றது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தார் அந்த உலாவிக்குச் சவப்பெட்டி வைத்து இறுதிச் சடங்கே நடத்தினார்கள். மைக்ரோசாஃப்ட் பூங்கொத்து அனுப்பியது. அன்று நானும் மனமாரச் சிரித்தேன்.

அந்த வெறுப்புக்கும் சங்கரன்கோவில் வாசப்படிக்கும் நடுவில் எப்படி நிற்பது என்று பல ஆண்டுகள் குழம்பியிருக்கிறேன். கிறிஸ் சக்கரையாஸ் என்ற பொறியாளர் எழுதிய இரண்டு குறிப்புகள் எனக்கு உதவின. யூடியூபில் பணியாற்றியவர். 2009-இல் அவரும் சகாக்களும், மேலிடத்தில் முறையாக அனுமதி கேட்காமலே, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இல் வருகிறவர்களுக்கு மட்டும், இதன் ஆதரவை விரைவில் நிறுத்தப்போகிறோம் என்று ஓர் அறிவிப்புப் பட்டையைக் காட்டினார்கள். ஒரே மாதத்தில் யூடியூபுக்கு அந்த உலாவியில் வருவோர் பாதியாகக் குறைந்தார்கள் என்று 2019-இல் எழுதினார். பழைய உலாவியைக் கொன்றவர்களில் ஒருவர் என்றே அவரைச் சொல்லலாம்.

அதே மனிதர் 2012-இல் எழுதிய குறிப்பு வேறு விதமானது. யூடியூபின் காணொளிப் பக்கம் ஒரு மெகாபைட்டுக்கு மேல் கனத்துவிட்டதைக் கண்டு, அதை நூறு கிலோபைட்டுக்குள் அடக்கி ஓர் எளிய பக்கத்தை அவர் உருவாக்கினார். அதைச் சோதனைக்கு விட்டபோது, பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. காரணம் புரியாமல் திகைத்தார். பிறகு ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து வருகை வெகுவாகக் கூடியிருந்தது. பழைய பக்கம் அங்கே திறந்து ஓடத் தொடங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே யாரும் முயலவே இல்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் வந்தது. இரண்டு நிமிடம் காத்திருக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். படியைக் குறைத்ததும் பாட்டிமார் ஏறி வந்துவிட்டார்கள். கல்லாக் கணக்கு குழம்பிவிட்டது.

மாற முடிந்தவரை மாறச் சொல்லி வற்புறுத்தலாம். மாற முடியாதவருக்குச் சோறு நிறுத்தக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

*

கணக்கெழுதுபவர் 2011-இல் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். மகன் கைப்பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதில் ஓபரா மினி என்று ஒன்று இருக்கிறது, எங்கள் தளம் வருகிறது, மறுபடியும் கட்டம் கட்டமாக இருக்கிறது என்றார். குரலில் பழைய நண்பனைப் பார்த்தது போன்ற சிரிப்பு. அந்த நாளில் தமிழ்நாட்டில் பலர் அறிந்திருந்த ஓர் உபாயம் உண்டு. முகவரிப் பட்டையில் ‘ஓபரா’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ‘கான்ஃபிக்’ என்று அடித்தால் அமைப்புகளின் பட்டியல் ஒன்று வரும். அதன் கடைசியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதற்கு ஆம் என்று கொடுத்தால் ஓபராவின் வழங்கியே தமிழ் வரிகளைப் படமாக மாற்றி அனுப்பிவிடும். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். முக்காற்புள்ளி கைப்பேசியில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

“வந்துட்டு தம்பி” என்றார். “கல்வெட்டு மாதிரி இருக்கு. ஆனா வாசிக்க முடியுது.”

எங்கள் பக்கம் அந்தச் சின்னத் திரையில் ஒழுங்காக வந்ததற்குக் காரணம், பழைய வாசலுக்காக ஒரு முறை எல்லாவற்றையும் உரித்துப் போட்டு, எது இல்லாவிட்டாலும் கதை படிக்கக் கிடைக்கிறதா என்று பார்த்த பழக்கம்தான். யாரோ ஒருவருக்காகச் செய்தது யாரென்றே தெரியாத பலருக்கும் பயன்பட்டது.

2013-இல் பழைய வாசலை மூடினோம். இம்முறை பதிவேட்டை மட்டும் பார்க்கவில்லை. மூன்று மாதம் முன்னதாகவே அந்தப் பக்கத்தின் தலையில், திஸ்கியிலேயே, இந்த வழியை மூட இருக்கிறோம், உங்களுக்கு இது தேவையானால் எழுதுங்கள் என்று போட்டுவைத்தேன். சங்கரன்கோவிலுக்குக் கடிதமும் எழுதினேன். பதில் வந்தது. அந்தக் கணினிகளைக் கடைக்காரர் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். கடை இப்போது கைப்பேசிக்குப் பணம் ஏற்றும் இடமாம். “தாராளமாக மூடவும். கேட்டு எழுதியதற்கு நன்றி” என்று முடித்திருந்தார்.

*

இப்போதெல்லாம் இந்தக் கேள்வி எளிதாகிவிட்டது என்று நினைக்கிறோம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. எட்ஜும் ஓபராவும் சாம்சங்கின் உலாவியும் உள்ளே குரோமின் எந்திரத்தையே கொண்டவை. ஒரு புதிய வசதி முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்து முப்பது மாதங்கள் கடந்தால் அதைப் பரவலாகக் கிடைப்பது என்று முத்திரையிடும் வழக்கமும் 2023-க்குப் பிறகு ஏற்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடு, நானும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் வாசப்படி வேறு இடங்களில் உயர்ந்துவிட்டது. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி, இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. எங்களைப் போன்ற சிறிய தளங்கள் எண்ணற்றவை அந்த அமைப்பை நம்பியே இருக்கின்றன. பழைய கணினிகள் பலவற்றில் அன்று அத்தளங்கள் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டு 7.1-க்கு முந்தைய கைப்பேசிகளும் அடைபட்டிருக்கும். ஓராண்டு முன்பு அந்த அமைப்பே சொன்ன கணக்கின்படி அவை ஆண்ட்ராய்டு கருவிகளில் மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் சிரமப்பட்டுச் செய்த ஒரு தனி ஏற்பாட்டால் 2024 வரை அக்கைப்பேசிகள் தப்பின. இதில் உலாவியின் அழகோ அறிவோ பேச்சே இல்லை. சாவி மாறிவிட்டது, பழைய பூட்டு திறக்காது. எங்கள் இதழில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு, கடவுச்சொல்லோ படிவமோ இல்லாத வாசிப்புப் பக்கங்களை மட்டும் பாதுகாப்பற்ற பழைய முகவரியிலும் திறந்தே வைத்திருக்கிறோம். வழியில் யாராவது பக்கத்தை மாற்றிவிட இடமிருக்கிறதே என்று ஒரு நண்பர் வாதிட்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டு தீமைகளில் எது சிறிது என்பதை ஒவ்வோர் ஆண்டும் மறுபடி பேசிக்கொள்வது என்று முடிவு.

பிரித்தானிய அரசின் இணையதளக் குழு 2013-இல் ஒரு சோதனை செய்தது. ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யாமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று அளந்தார்கள். 1.1 விழுக்காடு. அதில் அதை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தவர்கள் 0.2 மட்டுமே. மீதி 0.9 விழுக்காட்டினரின் உலாவியில் அது இருந்தும், ஏதோ காரணத்தால் வந்து சேரவில்லை. அலைவரிசை அறுந்திருக்கலாம், அலுவலகத் தடுப்புச்சுவர் மறித்திருக்கலாம். ‘மற்றவை’ என்பது ஓர் ஊரிலோ ஒரு வகுப்பிலோ நிலையாகக் குடியிருக்கும் கூட்டம் இல்லை என்பதை எனக்கு உணர்த்திய எண் அது. சுரங்கப்பாதையில் ரயில் நுழையும்போது, மழை நாளில் கோபுரம் சாயும்போது, நாமும் சற்று நேரம் அந்த வரியில் போய் நின்றுவிட்டு வருகிறோம்.

*

அந்த இளம்பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஜவுளிக்கடை வாசப்படியை மட்டும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்போ இந்த வரியில இருக்கிறவங்களுக்கு எல்லாம் வேலை செய்யணும்னா தேதி தள்ளிப்போகும் சார்” என்றார். எல்லாம் வேண்டாம் என்றேன். வரைபடம் அசைய வேண்டாம், வண்ணம் வர வேண்டாம். தகவலைப் படிக்கவும், படிவத்தை நிரப்பி அனுப்பவும் முடிந்தால் போதும். அதற்கு எத்தனை நாள் கூடும் என்று கேட்டேன். கணக்குப் போட்டு மூன்று நாள் என்றார். வாடிக்கையாளர் இரண்டு நாளுக்கு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் திருத்திய அட்டவணை வந்தது. பென்சில் கோட்டை அழித்திருந்தார். கடைசி வரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது: ‘மற்றவர்’. நான் அப்படி மாற்றச் சொல்லவில்லை. எண் அதே சிறிய எண்தான். அது உள்ளே வந்தவர்களின் எண் என்பதை அவருக்கு இன்னொரு நாள் சொல்ல வேண்டும்.